புகை படாதவர்

முழங்கைக்குக் கீழே பட்டையைச் சுற்றிக்
காற்றடிப்பேன்.
ஐந்து நிமிடம் கைக்கு ரத்தம் போகாது.
மரத்துப்போகும், பயப்பட வேண்டாம் என்பேன்.
பட்டையைத் தளர்த்தியதும்
அடைபட்டு நின்றது பாய்ந்து வரும்.
நல்ல குழாய் என்றால் விரியும்,
தாலி ஏறியதும் கூட்டம் பந்திக்கு ஓட
மண்டபத்தில் கதவின் இன்னொரு பலகையையும்
திறந்துவிடுவார்களே, அப்படி.
எவ்வளவு விரிந்தது என்று
திரையில் கோடு போட்டு எழுதுவது
என் வேலை.

இன்று மூன்றாவது ஆள் முனிரத்தினம்.
காட்பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பாரில்
பதினொரு வருடமாக முட்டை வேகவைக்கிறார்.
"பீடி, சிகரெட்?"
"கையால தொட்டதில்ல மேடம்.
தொடாமலே சட்டையில ஏறிக்கும்.
என் சட்டைய மட்டும் வீட்ல
தனி பக்கெட்லதான் ஊற வைப்பாங்க."

ஐந்து நிமிடம் சும்மா கிடக்க அவருக்குத் தெரியவில்லை.
சனிக்கிழமை எத்தனை அட்டை முட்டை,
மிளகுத்தூளில் என்ன கலக்கிறார்கள்,
எக்ஸாஸ்ட் ஃபேன் போன தீபாவளிக்கு நின்றது,
இந்த தீபாவளிக்கு மாற்றுவதாக முதலாளி வாக்கு.

தளர்த்தினேன்.
ரத்தம் வந்தது, திரை முழுக்க நிறமாக.
குழாய் அசையவில்லை.
மூன்று புள்ளி ஒன்பது மில்லிமீட்டர்
மூன்று புள்ளி ஒன்பதாகவே படுத்திருந்தது.

"என்னா மேடம் சொல்லுது?"
டாக்டர் சொல்வார் என்றேன்.
எல்லோருக்கும் அதே பதில்தான்.
அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பாலாத்துல அந்த வருஷம் தண்ணி வந்துச்சே,
எங்க தெருவுக்குள்ள ஏன் பூந்துச்சு?
ஆத்துக்கு அதோட அகலம் மறந்துபோச்சு.
நாங்கதான் உள்ள வீடு கட்டி மறக்கடிச்சோம்."
பட்டை பதிந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு போனார்.

ஒப்பீட்டுக்கு ஆள் போதவில்லை என்று
எங்களையே படுக்கச் சொன்னார்கள்.
படிவத்தை நானே நிரப்பினேன்.
புகைப்பீர்களா: இல்லை.
வீட்டில் புகைப்பவர் உண்டா:
பேனா கொஞ்சம் நின்றது.
தயாளன் வீட்டுக்குள் ஒருநாளும் பற்றவைத்ததில்லை.
சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடி.
பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு
மலையைப் பார்த்து ஊதுவார். நல்ல மனுஷன்.
சாப்பிட்டதும் ஒன்று, ஆபீசிலிருந்து போன் வந்தால் ஒன்று,
பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால்
அந்தக் கவலையில் இரண்டு.
இல்லை என்று எழுதினேன்.

எஸ்தர் ராணி பட்டையைச் சுற்றினாள்.
விரல்நுனியில் எறும்பு ஊர ஆரம்பித்தது.
ஐந்து நிமிடம் இத்தனை நீளம் என்று
படுக்க வந்த யாருக்கும் நான் சொன்னதில்லை.
மே மாதத்து ராத்திரிகள் ஞாபகத்துக்கு வந்தன.
இந்த ஊரில் சுவர்
பத்து மணிக்கு மேல்தான் சூட்டைக் கக்கும்.
ஜன்னலை மூடினால் வெந்துபோவோம்.
திறந்தால் காற்று வரும்.
பால்கனிப் பக்கம் ஜன்னல்.

அவள் தளர்த்தினாள்.
அளந்தாள்.
இன்னொரு முறை அளந்தாள்.
"அக்கா, காலையில காபி குடிச்சியா?"
குடிக்கவில்லை.
டாக்டர் சொல்வார் என்று அவள் சொல்லவில்லை.
எனக்குத் திரை தெரியும் என்று
அவளுக்குத் தெரியும்.

மறு அளவுக்கு வந்த முனிரத்தினம்
பேப்பரில் சுற்றி இரண்டு முட்டை தந்தார்.
"வீட்ல வேகவெச்சது மேடம், கடையில இல்ல."
மதியம் உரித்தேன்.
மெலிதாக அந்த வாசனை
முட்டையிலா,
என் துப்பட்டாவிலா.

மாலையில் கோப்பைத் திறந்தேன்.
'இல்லை'யை ஒரே கோட்டில் அடித்து
'உண்டு' என்று எழுதி
ஓரத்தில் சின்னக் கையெழுத்து.
புகை படாதவர் கட்டிலிருந்து உருவி
முனிரத்தினத்துக்கு அடுத்த தாளாக வைத்தேன்.

தயாளனிடம் எங்கே ஆரம்பிப்பது என்று
ஷேர் ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன்.
கிரீன் சர்க்கிளில் வண்டி நின்றது.
எட்டுப் பேர் உள்ளே.
டிரைவர் பையைத் தடவித்
தீப்பெட்டியை எடுத்தான்.